தெரிவாகாத பிள்ளைக்கு அரைப்பக்க விளம்பரம்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
3 யூலை 2006

அண்ணை,

ஆரணி சுகமாக வந்து சேர்ந்துவிட்டாள். அதை அண்ணி உங்களுக்குச் சொல்லியிருப்பா. அண்ணியோடு நான் போனில் கதைக்கும்போதெல்லாம் பின்னால் நீங்கள் செருமுகிற சத்தம் கேட்கிறது. செருமுகிறவர் போனை வாங்கித் தங்கச்சியோடு இரண்டு கதை கதைத்தால் என்ன குறைந்துவிடும்? நீங்கள் கதைக்க மாட்டீர்கள் என்றால் நான் எழுதுகிறேன். பாதியில் போனை வைத்துவிட்டுப் போகிற வேலை கடிதத்தில் நடக்காதுதானே.

விமான நிலையத்தில் பிள்ளைக்கு முன்னால் அவளுடைய றக்கற் பைதான் வெளியே வந்தது. துறைமுகத்தில் நாள் முழுக்கப் பெட்டி இறக்குகிற என் மனிசனே அதைத் தூக்கிவிட்டு, "உள்ளுக்கு ஆரும் படுத்திருக்கினமோ பிள்ளை?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. என் மகன் ரதீசன் ரொறன்ரோவுக்குப் படிக்கப் போனபிறகு அவன் அறை சும்மாதான் கிடக்கிறது, அதை அவளுக்குக் கொடுத்தேன். அறையைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மாமி, இந்தப் பையை எங்க ஒளிச்சு வைக்கலாம்?" இப்போது அது நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பின்னால் நிற்கிறது.

ஒன்பது வயதிலிருந்து நீங்கள் ரெனிஸுக்குக் கொண்டு திரிந்த பிள்ளை. மாவட்ட அணிக்கு விளையாடினவள். பதினாறு வயதில் றக்கற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். அதற்கு நான் பத்திரிகையில் போட்ட விளம்பரம்தான் காரணம் என்று நீங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லுகிறீர்களாம். என் காதுக்கும் வந்தது.

அண்ணை, ஏப்ரலில் போன் எடுத்தது யார்? "ராணி, ஆரணி பிரித்தானிய இளையோர் பயிற்சி அணிக்கு வந்திட்டாள் எண்டே வை. அவையள் வாயால சொல்லுறதுதான் பாக்கி" என்று சொன்னது யார்? படம் அனுப்பினது யார்? பிறந்தநாள், சாமத்தியம், பட்டம், சாவு என்று எல்லாவற்றையும் பத்திரிகையில் போடுகிற சனம் நாங்கள். இங்கத்தைய தமிழ்ப் பத்திரிகை செவ்வாயோடு விளம்பரம் எடுப்பதை நிறுத்திவிடும். அடுத்த கிழமை மட்டும் பொறுக்க எனக்கு ஏலவில்லை. அரைப்பக்கம், கலரில் போட்டேன். வாழ்த்துவோர் பட்டியலில் ஜேர்மனிச் சித்தப்பாவையும் கேளாமல் சேர்த்தேன். பிறகு பிள்ளை தெரிவாகவில்லை என்று வந்தது. சந்தோசத்தில் செய்த விசர்த்தனம் அது, மறுக்கவில்லை. ஆனால் முழுப் பழியையும் நான் சுமக்க மாட்டேன்.

பிள்ளை சாப்பிடுகிறாள், நித்திரை கொள்கிறாள். கதை மட்டும் குறைவு.

உங்கள் தங்கச்சி
ராணி

குறொய்டன், லண்டன்
10 யூலை 2006

ராணி,

உன் கடிதம் கிடைத்தது. செருமல் எனக்கு உடம்பு வருத்தத்தால் வருவது. பெற்றோல் செற்றில் இரவு வேலை செய்கிறவனுக்குச் செருமல் வராமல் என்ன வரும்.

படம் அனுப்பினது உன் வீட்டு பிரிட்ஜில் ஒட்டுவதற்கு. பத்திரிகையில் போடச் சொல்லி நான் எழுதவில்லை. உன் விளம்பரத்தை யாரோ வெட்டி இங்கே அனுப்பி, அது கோயில் முழுக்கக் கைமாறி, நிர்வாகத்தார் ஞாயிற்றுக்கிழமை மேளத்தோடு பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தெரிவாகாத பிள்ளைக்குப் பொன்னாடை. அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் "எப்ப ரீவியில பாக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நீ அங்கே இருந்துகொண்டு விசர்த்தனம் என்று ஒரு சொல்லில் முடிக்கிறாய்.

சரி, அதை விடு. செப்டெம்பர் இரண்டாம் திகதி இன்னொரு தெரிவு வைக்கிறார்கள். ஆரணியையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓகஸ்ட் இருபத்தாறு அவளுக்குத் திரும்புகிற ரிக்கற். அதுவரை அவள் சும்மா இருக்கக் கூடாது. பையை முதலில் மேலே கொண்டுவா. ஈரத்தில் கிடந்தால் றக்கற் நரம்பு தளர்ந்துவிடும். காலையில் ஓட விடு. சுவர் இருந்தால் சுவரில் அடிக்கட்டும். இரவில் சோறும் பொரியலும் கொடுத்து அவளை உன்னைப்போல ஆக்கிவிடாதே.

நான் ஏன் இப்படி விடாப்பிடியாக நிற்கிறேன் என்று நீ நினைப்பாய். இங்கே ரெனிஸில் மேலே வருகிற பிள்ளைகள் அநேகமாகக் கழகத்துக்குள்ளேயே பிறந்து தவழ்ந்த பிள்ளைகள். ஆரணி பழகினது எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்துப் பார்க்கில். போத்தல் ஓடு கிடந்த கோர்ட்டை நான் கூட்டித் துப்பரவாக்கி, நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துப் பழக்கினேன். அவளுக்கு மட்டுமில்லை, சனிக்கிழமை சனிக்கிழமை அந்தத் தொடர்மாடிப் பிள்ளைகள் எல்லாருக்கும். அத்தனை பேரில் மேலே போனது இவள் ஒருத்திதான். இவளை ஊர் ஊராகக் கொண்டு திரிய வேண்டும் என்றுதான் அந்தச் சனிக்கிழமையை விட்டேன். இப்போது கோர்ட் பூட்டிக் கிடக்கிறது. இவளும் விட்டால் நான் எதற்காக அதை விட்டேன் என்று யாருக்குச் சொல்வது?

நகுலேஸ்வரன்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
18 யூலை 2006

அண்ணை,

தங்கச்சிக்கு "நகுலேஸ்வரன்" என்று முழுப்பெயரில் கையெழுத்து வைத்த முதல் அண்ணன் நீங்களாகத்தான் இருக்கும். வங்கிக்கு எழுதுகிற மாதிரி இருந்தது.

பையை மேலே கொண்டுவந்தேன். அவள் திரும்பக் கீழே கொண்டுபோனாள். நான் கொண்டுவர, அவள் கொண்டுபோக, என் மனிசன் ஆனந்தராசா படியில் நின்று "மாமிக்கும் மருமகளுக்கும் இதுவே நல்ல பயிற்சிதானே" என்றார். செப்டெம்பர் தெரிவைப் பற்றிக் கதை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். ஓடச் சொன்னேன். "நீங்களும் வாருங்கோ, ஓடுவம்" என்கிறாள். காலை ஆறு மணிக்கு நான் பிள்ளைகள் காப்பக அடுப்படியில் நிற்கவேண்டியவள், எங்கே ஓடுவது?

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் அக்னெஸ் என்று ஒரு ஹெயிற்றிப் பெண் இருக்கிறா. தலைமயிர் பின்னுகிற தொழில். அவவின் இரண்டு பெட்டைகளும் பார்க்கில் உடைந்த றக்கற் ஒன்றை வைத்து மாறி மாறிப் பந்து அடிப்பார்கள். பார்க்கில் கோர்ட் இருக்கிறது, ஆனால் நிலமெல்லாம் வெடிப்பு. பந்து பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன வியாழன் பால் வாங்க ஆரணியையும் கூட்டிக்கொண்டு அந்த வழியால் போனேன். அவள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அய்யோ மாமி, அவள் அகப்பை பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறாள், என்னால பாக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் பாலை வாங்கிக்கொண்டு திரும்பி வர, அவள் இன்னும் நின்றாள்.

அடுத்த நாள் அவளே பையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். எனக்கு வாயெல்லாம் பல்லு. ஆனால் அவள் விளையாடப் போகவில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் மிச்ச நல்ல றக்கற் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள். இப்போது பின்னேரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். இவளுடைய பள்ளிக்கூடப் பிரெஞ்சைக் கேட்டு அதுகள் சிரிக்க, இவளும் சிரிக்கிறாள். தரையில் சோக்கால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வட்டம் கீறி, அதற்குள் நின்று பந்தை எறிந்து, ஒரு துள்ளலுக்குப் பிறகு பிடிக்கச் சொல்லுகிறாள். "றக்கற் பேந்து. முதல்ல கண்" என்கிறாள். வலை நடுவில் தொங்குகிறது என்று என் பழைய நூல் சேலையில் ஒரு துண்டு கேட்டாள். கிழித்துக் கொடுத்தேன். இழுத்துக் கட்டியிருக்கிறாள்.

கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் அவள் சிரித்ததை உங்களுக்கு எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ராணி

குறொய்டன், லண்டன்
25 யூலை 2006

ராணி,

அந்த றக்கற்றுகள் ஒவ்வொன்றும் எத்தனை இரவு வேலை என்று உனக்குத் தெரியாது. அதில் ஒன்றின் பிடியை அவள் கைக்கு ஏற்ற மாதிரி நானே சுற்றினேன். அதைத் தெருவில் போகிற பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறாள், நீயும் சேலை கிழித்துக் கொடுத்திருக்கிறாய். பயிற்சி எடுக்க விடு என்று உன்னிடம் சொன்னால் பயிற்சி கொடுக்க விட்டிருக்கிறாய்.

வட்டம் கீறுகிறாள் என்று எழுதியிருந்தாய். வட்டம் எந்தளவு? பிள்ளை நடுவில் நின்று கையை விரித்துச் சுற்றினால் விரல் முட்டுகிற அளவாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதாகக் கீறினால் பிள்ளை கால் வைக்கப் பழகாது. அதை அவளுக்குச் சொல்லு. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஆனால் அது பிள்ளைகளுக்கு. அவளுக்கு அது காணாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தால் கை மெதுவாகிவிடும். பலமான ஆளோடு விளையாட வேண்டும். என்னோடு படித்த கணேசலிங்கம் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கி இருக்கிறான். அவனுடைய மகள் அங்கே ஒரு கழகத்தில் விளையாடுகிறாள். கதைத்துவிட்டேன். வருகிற ஞாயிறு ஆரணியைக் கூட்டிக்கொண்டு போ. பஸ் தூரம் என்று சாட்டுச் சொல்லாதே. நான் இவளை இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் பேர்மிங்காம் வரைக்கும் கொண்டு போனவன்.

அண்ணை

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
2 ஓகஸ்ட் 2006

அண்ணை,

பியர்பொன்ட்ஸுக்குப் போனோம். மெற்றோ, பிறகு பஸ், பிறகு இன்னொரு பஸ். உங்கள் சிநேகிதர் நல்ல மனிதர், தரிப்பில் காரோடு வந்து நின்றார். கழகத்தில் எல்லாரும் வெள்ளை உடுப்பு. நான் காப்பகத்துச் சப்பாத்தோடு போய் ஒரு மூலையில் இருந்தேன்.

ஆரணி அந்தப் பிள்ளையோடு விளையாடினாள். நான் முதல் தடவையாக அவள் உண்மையாக விளையாடுவதைப் பார்த்தேன் அண்ணை. எனக்கு ரெனிஸ் தெரியாது. ஆனால் மற்றக் கோர்ட்டில் விளையாடினவர்கள் தங்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு ஓடுவதற்கே நேரம் காணவில்லை. நீங்கள் ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இதை மனமாரச் சொல்லுகிறேன்.

விளையாடி முடிய, அவள் கை கொடுத்து நன்றி சொன்னாள். கணேசலிங்கம் அண்ணை ஓடிவந்து, "லண்டன் அணிப் பிள்ளையெல்லோ! பேப்பரில பாத்தனாங்கள்!" என்றார். அவள் முகம் செத்துப்போய்விட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள். பாதி இங்கிலிசிலும் பாதி தமிழிலும் சொன்னதை நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

"மாமி, உங்கட விளம்பரத்தில எனக்குக் கோவம் இல்லை."

"பின்ன என்ன?"

"கோயில்ல பொன்னாடை போத்தினவை தெரியும்தானே. அதுக்கு முதல் நாள் சனிக்கிழமையே கோச் போன் எடுத்துச் சொல்லிட்டார், நான் எடுபடேல்லை எண்டு. எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அப்பா சொன்னார், சனம் ஆசையாய்ப் போத்துது, பேசாமல் நிண்டு வாங்கு, பேந்து இதை உண்மையாக்கிப்போடலாம் எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை. நிண்டனான். மேளம் அடிச்சவை. சின்னப் பிள்ளையள் வந்து கையெழுத்துக் கேட்டவை, அதையும் போட்டனான். அதுக்குப் பிறகு றக்கற்றைத் தொட்டால் அந்தச் சீலை தோளில கிடக்கிற மாதிரி இருக்கு."

அண்ணை, இவ்வளவு நாளும் தெரிவாகவில்லை என்ற செய்தி கோயிலுக்குப் பிறகுதான் வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் நீங்கள் எல்லாருக்கும் சொன்னீர்கள். நான் விளம்பரம் போட்டபோது எனக்குத் தெரியாது. நீங்கள் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினபோது உங்களுக்குத் தெரியும். எனக்கு உங்களில் சரியான கோபம். பஸ்ஸில் எல்லாருக்கும் முன்னால் அழுதேன், அவள்தான் எனக்குத் துடைக்கக் கடதாசி தந்தாள்.

ஆரணி ஒரே ஒரு விசயம் கேட்கிறாள். அதே கோயிலில், அதே சனத்துக்கு, அவள் தெரிவாகவில்லை என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். "அப்பா சொன்னால் பிளேன் ஏறுறன். இல்லாட்டி இங்கயே பள்ளிக்கூடம் சேர்ந்து படிக்கிறன்" என்கிறாள். அண்ணி போனில் அழுதா. அப்படியும் பிள்ளை மாறவில்லை. அவள் உங்கள் மகள், அந்தப் பிடிவாதம் எங்கேயிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ராணி

குறொய்டன், லண்டன்
9 ஓகஸ்ட் 2006

ராணி,

நீ அன்றைக்கு அங்கே நிற்கவில்லை. நாங்கள் காரால் இறங்கவே மேளம் தொடங்கிவிட்டது. தலைவர் தட்டத்தோடு வாசலில் நிற்கிறார். வயது போன மனிதர்கள், என் பிள்ளையைத் தங்கள் பிள்ளை என்று நினைத்து நிற்கிறார்கள். அந்த இடத்தில் போய் "இல்லை, தெரிவாகவில்லை, மேளத்தை நிற்பாட்டுங்கோ" என்று சொல்லச் சொல்லுகிறாயா? என்னால் ஏலவில்லை. அடுத்த முறை எடுபடுவாள், அதோடு எல்லாம் சரிவந்துவிடும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? அவளையும் பொய்க்காரி என்பார்கள், என்னையும் பொய்க்காரன் என்பார்கள். செப்டெம்பர் இரண்டாம் திகதி அவள் விளையாடி வென்றால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவளுக்கு அதைச் சொல்லு. பதினாறு வயதுப் பிள்ளை தகப்பனுக்கு நிபந்தனை போடுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. இருபத்தாறாம் திகதி அவளை விமானத்தில் ஏற்றிவிடு.

எல்லாம் உன் விளம்பரத்தோடு தொடங்கினது. தொடங்கினவள் நீ, முடிக்கிற வழியையும் நீயே பார்.

நகுலேஸ்வரன்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
20 ஓகஸ்ட் 2006

அண்ணை,

நீங்கள் சொன்னபடி முடித்துவிட்டேன். இதற்குள் மடித்து வைத்திருக்கிற பத்திரிகைத் துண்டைப் பாருங்கள். அதே பத்திரிகை, அதே அரைப்பக்கம், நீங்கள் பிரிட்ஜுக்கு அனுப்பின அதே படம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். "அப்ப முடிப்பம் மாமி" என்று சொல்லிவிட்டு, எழுதினது ஆரணி. நான் தமிழ் எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன்.

பத்திரிகை ஆசிரியர் மூன்று தரம் போன் எடுத்தார். "அக்கா, தெரிவாகவில்லை எண்டோ போடுறது? எழுத்து ஏதும் மாறிப்போச்சோ?" என்று கேட்டார். "இல்லைத் தம்பி, அப்படியே போடும்" என்றேன். "வாழ்த்துகிறோம் எண்டு கீழ வரலாமோ?" என்று கேட்டார். ஏன் வரக்கூடாது என்றேன். "அப்பிடி ஒண்டு நாங்கள் இதுவரை போட்டதில்லை" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டார். துண்டு தவறிப்போனாலும் என்று இங்கேயும் எழுதுகிறேன்:

"லண்டனைச் சேர்ந்த ஆரணி நகுலேஸ்வரன் பிரித்தானிய இளையோர் ரெனிஸ் பயிற்சி அணிக்குத் தெரிவாகவில்லை. தெரிவானதாக ஏப்ரலில் வந்த விளம்பரம் தவறு. செயின்ட்-மிஷேல் பூங்காவில் சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் அவர் ரெனிஸ் பழக்குகிறார். றக்கற் இல்லாதவர்களும் வரலாம். விளையாடத் தெரியாதவர்கள் கட்டாயம் வரவும். வாழ்த்துவோர்: மாமா, மாமி, அக்னெஸ் குடும்பத்தினர், பூங்காப் பிள்ளைகள் (மொன்றியல்), அம்மா (லண்டன்)."

அண்ணி தன்னையும் சேர்க்கச் சொல்லிப் போனில் சொன்னா. உங்கள் பெயர் இல்லை. நான் போடப் பார்த்தேன், பிள்ளை விடவில்லை. "ஆரையும் கேளாமல் போடக்கூடாது மாமி. போன முறை அதாலதான் வந்தது" என்றாள்.

நேற்றுச் சனிக்கிழமை. ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்து நான் தேத்தண்ணி கொஞ்சம்தான் ஊற்றிக்கொண்டு போனேன். பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியிலிருந்துகூடச் சனம் பஸ் பிடித்து வந்துவிட்டது. தாய்மார் வழக்கம்போல வேலிக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். ஆரணி போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அன்ரி, உள்ளுக்கு வாங்கோ, வெளியில நிண்டு பாக்கிற ஆக்களுக்கு இஞ்ச இடமில்லை" என்றாள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்னெஸ் முதல் ஆளாகப் போனா, பின்னால் நான். நான் அடித்த முதல் பந்து வேலிக்கு மேலால் போய் பஸ் தரிப்பில் நின்ற ஒரு கிழவருக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் "பொன்ஜூர் மதாம்" என்று சொல்லி எறிந்து தந்தார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் பயம் போய்விட்டது. சுடிதாரோடு, சேலையோடு, ஒருவர் கைப்பையைத் தோளில் போட்டபடியே விளையாடினா. எனக்கு இன்றைக்கு முழங்கையை மடக்க முடியவில்லை, இந்தக் கடிதத்தின் எழுத்து இப்படி இருப்பது அதனால்தான்.

விளம்பரத்தைப் பற்றி ஒருவர்கூட அவளைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. "எங்கட பெடியும் போன வருசம் மெடிசினுக்கு எடுபடேல்லை, நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்று ஒரு பெண் என் காதுக்குள் சொன்னா.

பிள்ளை உடுப்பு அடுக்குகிறாள். விளம்பரம் போட்டாயிற்று, தன் பங்கைத் தான் சொல்லியாயிற்று, அதனால் வருகிறாளாம். நீங்கள் சொல்லுவதும் விடுவதும் உங்கள் பாடாம். ஆனால் அண்ணை, ரிக்கற்றில் திரும்பி வருகிறவள் உங்கள் வீட்டில் உங்களோடு கதைப்பாளா என்பதை அந்த ரிக்கற் தீர்மானிக்காது. நான் வேறொன்றும் எழுதவில்லை.

ராணி

குறொய்டன், லண்டன்
5 செப்டெம்பர் 2006

ராணி,

ஆரணி இரண்டாம் முறையும் தெரிவாகவில்லை. வேறு யாரும் சொல்ல முதல் உனக்கு நான் சொல்லுகிறேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். உன் கடிதம் அவள் வருவதற்கு முதல் நாள் வந்தது. பத்திரிகைத் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இரவு வேலைக்குப் போனேன். ஆட்கள் குறைந்த நேரத்தில் எடுத்து எடுத்து வாசித்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு பட்டியலை வாசித்தேன். உன் அண்ணி பாலாம்பிகை தன் பெயரைக் கொடுத்ததைப் பற்றி எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. பூங்காப் பிள்ளைகள் என்று இருக்கிறது, நான் முகமே காணாத பிள்ளைகள். எனக்கு அது தாங்க முடியவில்லை ராணி.

ஞாயிறு காலை அவள் வந்து இறங்கினாள். தோளில் ஒரே ஒரு றக்கற். மிச்சமெல்லாம் எங்கே என்று நான் கேட்கவில்லை. காரில், "கோயிலுக்குப் போட்டு வீட்டை போவம்" என்றேன். "சரி" என்றாள். பொன்னாடையைப் பின் இருக்கையில் வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

பூசை முடிந்து சாப்பாட்டுக்குச் சனம் வரிசையில் நின்றது. தலைவரிடம் போய் இரண்டு வார்த்தை கதைக்க வேண்டும் என்றேன். அவர் நான் அன்னதானத்துக்கு ஏதோ தரப்போகிறேன் என்று நினைத்து மைக்கையே தந்துவிட்டார். நான் சொன்னேன்: "ஏப்ரலில நீங்கள் என்ர பிள்ளைக்குப் பொன்னாடை போத்தினீங்கள். அண்டைக்கு அவள் தெரிவாகேல்லை. எனக்கு அது முதல் நாளே தெரியும். பேசாமல் நில் எண்டு பிள்ளையை நான்தான் நிப்பாட்டினனான்." அதற்கு மேல் உனக்குப் பிடித்த செருமல்தான் வந்தது.

என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. தலைவர், "அதுக்கென்ன, பிள்ளை விளையாடினவள்தானே" என்றார். பின்னால் ஒருவர் வரிசை ஏன் நகரவில்லை என்று கேட்டார். நான் இத்தனை மாதம் பயந்தது அவ்வளவுதான். பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்தேன். திருப்பி வாங்குகிற வழக்கம் இல்லையாம், அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஆரணி வந்து அதை வாங்கித் தன் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, "அப்பா, சாப்பிடுவம், எனக்குப் பசிக்குது" என்றாள்.

செப்டெம்பர் இரண்டாம் திகதியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளே வந்து, "நாளைக்குப் போறன். ஆனா நீங்கள் காருக்குள்ள இருங்கோ" என்றாள். காருக்குள் இருந்தேன். அவள் விளையாடுவதை நான் பார்க்காத முதல் நாள் அது. பின்னேரம் வந்து கதவைத் திறந்து, "இல்லையாம்" என்றாள். கவலை இருந்தது. அழுதாள். இல்லை என்று உனக்கு எழுத மாட்டேன், இனி அந்தப் பழக்கம் வேண்டாம். எனக்கும் கவலைதான், நன்றாக விளையாடினதாக மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் வந்து சொன்னார்கள். வழியில் நிறுத்தி மீனும் சிப்ஸும் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து ஜேர்மனிச் சித்தப்பாவுக்கு நானே போன் எடுத்து, தெரிவாகவில்லை என்று சொன்னேன். அவர் எதற்குத் தெரிவாகவில்லை என்று கேட்டார். அவருக்கு முதல் விளம்பரமே தெரியாதாம்.

நேற்று மாநகரசபைக்குப் போய்ப் பார்க் கோர்ட்டின் பூட்டுத் திறப்பை வாங்கினோம். உள்ளே போத்தல் ஓடு பழையபடி. இரண்டு பேரும் கூட்டினோம். தொடர்மாடியில் இருந்து கொஞ்சப் பிள்ளைகள் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவள் கதவைத் திறந்து விட்டாள். வலை நடுவில் தொங்கியது. கட்ட ஒன்றும் அகப்படவில்லை, காரில் பொன்னாடை கிடந்தது. நல்ல பலமான சீலை. வட்டம் அவள்தான் கீறினாள். அளவு சரி.

ஒரு விசயம். ஆரணி இல்லாமலும் நீங்கள் நடத்துகிற சனிக்கிழமைக்குப் பனி விழும்வரைக்கும் விளம்பரம் தொடர்ந்து போடப்போகிறாய் என்று பாலாம்பிகை சொன்னாள். கேளாமல் பெயர் போடக்கூடாது என்ற சட்டம் நல்ல சட்டம். அதனால் ஆரணியிடம் கேட்டேன். "அது மாமியின்ர விளம்பரம், மாமியிட்டக் கேளுங்கோ" என்கிறாள். கேட்கிறேன் ராணி. அடுத்த கிழமை போடும்போது, லண்டன் என்று இருக்கிற இடத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா என்று ஒரு சொல் போட இடம் இருக்குமா?

அண்ணை